அமெரிக்கப் பழமைவாதிகள் மருத்துவ ஆய்வில் சேரத் தயங்குவது அறிவியலை நம்பாததாலா?

ஓரளவுக்கு ஆம். ஆனால் அது பிறவிக்குணம் இல்லை. அங்கே பல பத்தாண்டுகளாக நடக்கும் பொதுச் சமூகக் கணக்கெடுப்பின்படி, 1974-இல் அறிவியல் மீது அதிக நம்பிக்கை வைத்திருந்தவர்களே பழமைவாதிகள்தான். 2010-க்குள் கடைசி இடத்துக்கு வந்துவிட்டார்கள். கோவிட் தடுப்பூசிச் சண்டை பிளவை இன்னும் பெரிதாக்கியது.

சரி, அப்படியானால் எதிர்முகாமான ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் ஆய்வுகளில் ஓடிவந்து சேர்ந்துவிடுவார்களா? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கறுப்பின அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள். ஆனாலும் மருத்துவ ஆய்வு என்றால் அவர்களில் பலருக்குச் சந்தேகம். அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் நடந்த ஓர் ஆய்வு. சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை முறையான சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தது. 1940-களில் அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘கெட்ட ரத்தம்’ என்றே ஏமாற்றினார்கள். இவர்கள் சந்தேகப்படுவது அறிவியலை அல்ல, ஒப்புதல் படிவத்தை நீட்டும் ஆளை.

அப்புறம், பலர் சேராததற்கு அரசியலே காரணமில்லை. ஆய்வு மையம் தூரத்தில் இருக்கும், வேலையில் லீவு கிடைக்காது, அல்லது சேருகிறீர்களா என்று யாருமே அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.