வீட்டுக்கு நேரத்துக்கு நேரம் மாறும் மின்கட்டணம் ஒத்து வருமா?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடு, பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள், ஸ்மார்ட் மீட்டர் வந்து பகலுக்கு ஒரு விலை, மாலைக்கு ஒரு விலை என்று ஆனால் அதற்குப் போகலாமா, யூனிட் கூடக் கூட விலை ஏறும், இப்போதுள்ள அடுக்கு முறையே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் போகலாம். ஆனால் ஒரு நாளில் இரண்டு மூன்று விலைகளுக்கு மேல் இருக்கக் கூடாது, என் மாமியார் மனக்கணக்காகப் போட முடிய வேண்டும்.

அடுக்கு முறைதான் எளிது என்பவர்கள் 500 யூனிட்டைத் தாண்டிப் பார்க்காதவர்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958 ரூபாய், ஏனென்றால் 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரை இருந்த 2 ரூபாய் 25 காசு போய் அதுவும் 4 ரூபாய் 50 காசாகிவிடும். 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது, அப்போதும் இந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

நாங்கள் அதில் விழுந்தது போன வருடம் சித்திரை வெயிலில். ரீடிங் எடுக்க வருபவர் வழக்கமான தேதிக்கு வரவில்லை. தினமும் காலையில் மீட்டர் எண்ணை நோட்டில் எழுதுவது என் வழக்கம் (ரீடிங் எழுதித் தரும் அந்தக் காலத்து வெள்ளை அட்டையைக்கூட இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்), அதனால் உரிய தேதியில் 500-க்குள்தான் இருந்தோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வந்தபோது தாண்டிவிட்டது. அலுவலகத்துக்கு நோட்டோடு போனேன், மீட்டரில் உள்ளதுதான் கணக்கு என்று அனுப்பிவிட்டார்கள். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று யாராவது எழுதுவீர்கள். பென்ஷனில் ஓடும் வீட்டில் அது இரண்டு வாரக் காய்கறிக் காசு.

நேரக் கட்டணம் நம் வீடுகளுக்கு ஒத்து வரும் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மத்திய அரசின் 2023 விதிப்படி வெயில் இருக்கும் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு, எல்லாரும் கரண்டு எடுக்கும் உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். பட்டணத்தில் பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், அவர்களுக்கு லாபமில்லை. இங்கே நாங்கள் நாள் முழுக்க வீட்டில்தான். மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் மூன்றையும் பதினொரு மணிக்கு மேல் ஓட்டலாம். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் நடு முற்றமும் இருக்கிற வீட்டில் மாலையில் ஏசியும் தேவைப்படாது, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் ஒரு ஃபேன் போதும். ஆனால் புதிதாகக் காங்கிரீட்டில் கட்டிய வீடாக இருந்தால் நான் சொல்வதைக் கேட்காதீர்கள், ராத்திரி ஏசியில் எல்லாம் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லைதான். எங்களுடையது பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான பங்கு வீடு. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும் பங்காளிகள் அவரவர் அறையில் ஏசி மாட்டி வைத்திருக்கிறார்கள், வந்த நாட்களில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டே அது ஓடும். வீட்டு வரியில் பங்கு தருவார்கள், கரண்டு பில்லைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். வீட்டைக் கூட்டி, விளக்கேற்றி, ஓட்டுக்கு அடியில் ஒழுகும் இடத்துக்கு அண்டா வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் நாங்கள். தேக்குத் தூணுக்கு என்ன விலை போகும் என்று மட்டும் அவர்களிடமிருந்து போன் வரும்.

சோலார் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மச்சில் வெயில் விழும் இடம் இருந்தால் தயங்காமல் போடுங்கள், 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் உங்களுடையதும் பங்கு வீடு என்றால் முதலில் எல்லாரிடமும் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் இன்னும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.