விளையாட்டுக் கேள்வி–பதில்: மைனர் லீக் பிட்சர் எப்போது மேலே ஏறுவார்?

கேள்வி: அமெரிக்க பேஸ்போல் ஆட்டங்களைப் போனில் பார்த்துப் பழகிவிட்டேன். டபிள்-ஏ அணியில் 21 வயதுப் பிட்சர் (பந்தை எறிபவர்) ஒருவர் 96 மைல் வேகத்தில் எறிகிறார். இரண்டு வருசமாக அதே படியில்தான் நிற்கிறார். ஏன் மேலே எடுக்கிறார்கள் இல்லை?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: உச்சப் படியான மேஜர் லீக்கில் நேராக வரும் வேகப்பந்தின் சராசரியே சுமார் 94 மைல், அதாவது மணிக்கு 151 கிலோமீற்றர். அங்கே 96 என்றால் வாசல் திறக்கும், ஆசனம் கிடைக்காது.

அதற்குக் கீழே மைனர் லீக்கில் கொம்ப்ளெக்ஸ் லீக், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபிள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஏணி போகிறது. இதில் வழுக்குகிற படி டபிள்-ஏ. கீழ்ப் படிகளில் துடுப்பாட்டக்காரர் வெளியே போகிற பந்துக்கும் மட்டையை வீசுவார்கள். இங்கே வீசாமல் விட்டுவிடுவார்கள். அடிக்கக்கூடிய வலயத்துக்கு வெளியே நாலு பந்து போனால் அவர் சும்மா முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இதற்குப் பெயர் 'வோக்'.

உங்கள் பிட்சரின் ஈ.ஆர்.ஏ.யை (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஓட்டச் சராசரி) கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எதிர்கொண்ட நூறு பேரில் எத்தனை பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வீழ்த்தி ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார், எத்தனை பேருக்கு வோக் கொடுத்தார் என்று பாருங்கள். மேஜர் லீக் சராசரி ஏறக்குறைய 22, 8. உங்கள் ஆள் 28 பேரை வீழ்த்தி 14 பேரை நடக்கவிட்டால், பயிற்றுநர்கள் அந்த 14ஐத்தான் பார்ப்பார்கள்.

குறை எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பிட்சருக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சியில், பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் நிறுத்துங்கள். வேகப்பந்துக்கும் ஸ்லைடருக்கும் (பக்கவாட்டில் வளைகிற பந்து) கை ஒரே உயரத்தில் இருக்கிறதா? ஸ்லைடரின்போது ஒரு சாண் தாழ்ந்திருந்தால், மட்டைக்காரருக்கு முன்கூட்டியே கடிதம் போட்ட மாதிரித்தான். பிறகு பிட்சர் நின்று எறிகிற மேட்டில் முன்கால் விழுகிற இடத்தைப் பாருங்கள். ஒரே குழி என்றால் நல்லது. இரண்டு மூன்று குழி கிடந்தால் கால் ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் விழுகிறது, பந்தும் அப்படித்தான் அலையும்.

மூன்றாவது பந்து வகை இருக்கிறதா என்பதும் முக்கியம். தொடக்கப் பிட்சர் ஒரே ஆளுக்கு ஓராட்டத்தில் இரண்டு மூன்று முறை எறியவேண்டி வரும். வேகப்பந்தும் ஸ்லைடரும் மட்டும் கைவசம் இருந்தால் மூன்றாம் சுற்றில் அடி விழும். நல்ல சேஞ்சப் (வேகப்பந்து போலத் தெரிந்து மெதுவாக வரும் பந்து) படியாவிட்டால் ஓர் இன்னிங்ஸ் எறிகிற ரிலீவராக மாற்றுவார்கள். எங்கள் கணிப்பில் அது தோல்வியல்ல, மேஜர் லீக்குக்குக் குறுக்கு வழி.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். டபிள்-ஏயில் 23, 24 வயதுக்காரர் நிறைய. அணி அவரை எப்படி மதிக்கிறது என்பதை நவம்பரில் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் பாருங்கள். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குப் பிறகும் அதில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம்.

டிரிபிள்-ஏக்குப் போனபின் ஓட்டங்கள் கூடினால் பதற வேண்டாம். டிரிபிள்-ஏ ஆட்டம் நடக்கிற ஆல்புகெர்க்கி மைதானம் கடல்மட்டத்துக்கு 1,500 மீற்றருக்கும் மேலே. காற்று மெலிந்திருப்பதால் கல்லடிக் கடற்கரையில் வளைகிற அளவுக்கு அங்கே பந்து வளையாது, அடித்த பந்தோ தூரம் போகும்.

கேள்வி: மகனுக்கு 16 வயது, பாடசாலை அணியில் கடினப்பந்து வேகப்பந்து வீச்சாளர். பிட்சராக வர முடியுமா? வேகத்தை எப்படி அளப்பது?
– வாசகி, கல்முனை

பதில்: பந்துவீச்சை வைத்துச் சொல்ல முடியாது. பிட்சருக்கு ஓடிவருதல் இல்லை, ஒரு கால் மேட்டில் பதித்த பலகையை ஒட்டியே இருக்கவேண்டும். பந்துவீச்சில் முழங்கை நீண்டிருக்கும், இங்கே மடிந்து விரியும். எல்லைக்கோட்டிலிருந்து காப்பாளருக்கு எறிகிற எறிதான் சரியான சோதனை.

பலகைக்கும் மட்டைக்காரர் பக்கத்து இலக்குத் தட்டுக்கும் 18.44 மீற்றர். கை முன்னே வந்து விடுவதால் பந்து பறப்பது சுமார் 16.8 மீற்றர்தான். போனை ஸ்லோமோஷனில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும்படி வைத்து, கையை விடுவதும் பிடிப்பதும் ஒரே சட்டத்தில் தெரியப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்துங்கள். இடையில் எத்தனை படம் என்று எண்ணி, 14,500ஐ அதால் வகுத்தால் கிலோமீற்றர் வேகம் வரும். 130 படம் என்றால் சுமார் 112. பந்து வழியில் வேகம் இழப்பதால் கையை விடும்போது இதைவிடச் சற்றுக் கூட இருந்திருக்கும். அமெரிக்காவில் தேர்வாளர் கண்ணில் படுகிற பையன்கள் இந்த வயதில் 137ஐத் தொடுகிறார்கள்.

கிரிக்கெட் பந்தால் முழு வேகத்தில் பழக வேண்டாம். அது 156 முதல் 163 கிராம், பேஸ்போல் 142 முதல் 149 தான். அந்த வித்தியாசம் முழங்கைக்குத் தெரியும். 'அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன்' என்று காசு கேட்பவர் வந்தால் கதவைச் சாத்துங்கள். ஒப்பந்தம் செய்கிற அணிதான் பணம் தரும், வாங்காது.

கேள்வி: பேஸ்போல் தொடாத நம் பக்கத்து ஆள் யாராவது அங்கே போனதுண்டா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: இந்தியாவிலிருந்து இருவர் போனார்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் 2008இல் ஓர் எறிதல் போட்டி வழியாகப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் ஒப்பந்தமானார்கள். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், காயங்கள் விடவில்லை, பிறகு மல்யுத்தத்துக்குப் போனார். மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அமெரிக்க இயேசு சபைக் குருவும் அவருடைய சகாக்களும் நம் ஊரில் ஊன்றியது கூடைப்பந்து, பேஸ்போல் அல்ல.

கேள்வி: மருமகனுக்கு 14 வயது. எறிந்தபின் முழங்கையின் உட்பக்கம் நோகிறது. எண்ணெய் போட்டு உருவலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: வேண்டாம். இந்த வயதில் உட்பக்க எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் இறுகவில்லை, தசைநார் இழுக்கிற இழுப்பில் அது விலகும். எறிவதை இன்றே நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, என்பு வைத்தியரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை போட்டுவிட்டு ஆட விடுவதுதான் மிக மோசம், நோ தெரியாமல் இன்னும் பலமாக எறிவான்.

அமெரிக்காவில் 13, 14 வயதுக்கு ஒரு நாளைக்கு 95 எறியே உச்சம். 14 வயது வரை 21 எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 66ஐ எட்டினால் நாலு நாள். வார இறுதி மென்பந்துச் சுற்றுப்போட்டியில் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடும் பையன், களத்தடுப்பு எறிகளையும் சேர்த்தால் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவான்.

வைத்தியர் அனுமதித்தபின் 14 மீற்றர் தூரத்தில் மெதுவாக 25 எறி, பத்து நிமிட ஓய்வு, மறுபடி 25. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு தடவை நோவில்லாமல் முடித்தால் 18 மீற்றருக்குப் போகலாம். நொந்தால் முந்திய தூரத்துக்கே திரும்புங்கள்.