சட்டம் இருந்தும் நொய்யலில் சாயம் ஓடியது ஏன்?

கேள்வி: சுற்றுச்சூழலைக் காக்க இத்தனை சட்டங்கள் இருந்தும் ஏன் எதுவும் நடப்பதில்லை? அரசியலும் பணமும்தான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு ஆற்றை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த அணை. எனக்கு விவரம் தெரிந்தபோது அதில் தேங்கி நின்றது, திருப்பூர் பனியன் துணிகளுக்கு நிறம் ஏற்றும் பட்டறைகள் விட்ட சாயத்தண்ணீர். எங்கள் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வாய்க்கால் ஓரம் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அப்பாரு அதை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பார். "கடல்ல வெள்ளாமை வெச்ச மாதிரி ஆயிருச்சு சாமி" என்பார். கடைசியில், அணையில் தண்ணீரே தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு போட வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் இன்னும் அதிகம். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது, போட்டது ஏறத்தாழ அத்தனையும் தண்ணீரோடு வெளியே போகும். 90-களின் கடைசியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு எடுத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. உப்பைப் பிரிக்க, நீரை அழுத்திச் சவ்வு வழியே வடிக்கும் ஆர்.ஓ. வேண்டும். அதில் மிஞ்சும் உவர் நீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகத் தின்னும் வேலை அது. ஆற்றில் விட்டால் செலவே இல்லை.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருந்தது. ஆனால் பல ஆயிரம் கோடி அந்நியச் செலாவணியும் லட்சக்கணக்கானவர்களின் சம்பளமும் ஒரு தொழிலில் இருக்கும்போது, அதை மூடச் சொல்லும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வரவில்லை. கீழே இருந்த விவசாயிகள் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே வழி நீதிமன்றம்.

அங்கேதான் நிலைமை மாறியது. 2004-இல் இழப்பீட்டு ஆணையம் 28,596 பேருக்கு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் தரச் சொன்னது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 8,700 ரூபாய்கூட வராது. பாழான நிலத்துக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு? 2006-இல் உயர் நீதிமன்றம் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம் விதித்து, அது 8, 10 என்று ஏறும் என்றது. 2009-இல் உச்ச நீதிமன்றமும், மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்பதை உறுதி செய்தது. அப்போதும் ஓட்டம் நிற்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

எங்கள் ஊரில் அன்று சந்தோஷப்பட்டார்கள். என்னால் முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை. என் மச்சான் ஒரு பட்டறையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் வீட்டில் இருந்தான், அப்புறம் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனான். முதலாளிகள் தள்ளிப்போட்ட செலவுக்கு விவசாயிக்கு அடுத்து அவன் தலைதான் உருண்டது.

அடுத்த சில மாதங்களில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று அங்கே தண்ணீரின் பெரும்பகுதியைத் திருப்பி எடுக்கிறார்கள், உப்பையும் மீட்கிறார்கள். அதாவது தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. சுத்தம் செய்யாமல் இருப்பது சுத்தம் செய்வதைவிட நஷ்டம் என்று ஆனபோதுதான் அது வந்தது. அதற்கு இருபது வருடம் பிடித்தது. ஓட்டும் நன்கொடையும் தேவைப்படாத ஓர் இடம் தலையிட வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருப்பூர் பனியன்களை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் சுத்தமான உற்பத்தி வேண்டும் என்கின்றன. ஆனால் ஒரு பனியனுக்குச் சில சென்ட் கூட்டிக் கொடுங்கள் என்றால் வேறு நாட்டைப் பார்க்கப் போய்விடுகின்றன. பருவநிலைப் பேச்சுவார்த்தைகளிலும் இதே கதைதான். சாயப் பட்டறை பாய்லரில் எரியும் நிலக்கரியின் புகை இந்தியாவின் கணக்கில் ஏறும், சட்டையைப் போடுபவர் இருப்பது ஐரோப்பாவில். 2024-இல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் பருவநிலை நிதியாக ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற அளவில் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டன.

சரி, எங்கள் கிணறு? மழை நன்றாகப் பெய்த வருடங்களில் உப்பு கொஞ்சம் குறைகிறது. தென்னை பிழைத்துக்கொண்டது. மஞ்சள் போட்டுப் பார்த்தோம், வரவில்லை. பருப்பு வேகவைக்க இன்னும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைத்தான் அம்மா பிடித்து வைக்கிறார்.