கரிக்கோச்சி கேள்வி – பதில்: முதல் இஞ்சின் எது?

போன இதழில் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். லண்டன் பெடிங்டனிலிருந்து மேற்கே பிரிஸ்டல், டெவன், கோர்ன்வோல், தென் வேல்ஸ் என்று ஓடிய கம்பனி அது. 1923 இல் பிரிட்டனின் ரயில் கம்பனிகளை நான்காகச் சேர்த்தபோது, தன் பழைய பெயரோடு நின்றது அது ஒன்றுதான். 1948 இல் அரசுடைமையானது. இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாம் அந்தக் கம்பனியின் இஞ்சின் மொடல்களைப் பற்றித்தான்.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. லண்டன் சவுத்ஹாலில் இருக்கும் என் அக்கா டிசம்பரில் வரும்போது அவனுக்கு ஓர் இஞ்சின் வாங்கி வருவதாகச் சொல்கிறார். மகன் 'கிங்' வகுப்புத்தான் வேண்டும் என்று நிற்கிறான். அறையில் ஆறடிக்கு நாலடிப் பிளைவுட் பலகை போட இடமிருக்கிறது. கிங் வாங்கலாமா? – ஒரு தாய், வெள்ளவத்தை

இந்த வருடம் வேண்டாம் தங்கச்சி. முதல் இஞ்சினாகப் பானியர் டாங்க் என்ற சின்ன இஞ்சினை வாங்கச் சொல்லுங்கள். பிள்ளையின் முகம் வாடும், எனக்குத் தெரியும். அதனால் காரணத்தை அவனுக்கே விளங்கும்படி எழுதுகிறேன், வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, கிங் வடிவான இஞ்சின்தான். 1927 இல் முதலாவது வந்தது, மொத்தம் 30 கட்டினார்கள். தண்ணீரும் கரியும் சுமக்கும் டெண்டரோடு சேர்த்து 68 அடிக்கு மேல் நீளம். ஓ-ஓ என்ற மொடல் அளவில் உண்மையான ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டால் 27 சென்டிமீட்டர் வரும். அதற்குப் பின்னால் நாலு பெட்டி கொழுவினால் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். உன் பலகையின் நீளப் பக்கம் 183 சென்டிமீட்டர், அதிலும் இரு முனையிலும் வளைவுக்கு இடம் போக வேண்டும். நேர்ப்பாதையில் முழு ரயிலையும் ஒருமுறையாவது பார்க்க முடியாது. முன் பாதி ஒரு வளைவிலும் பின் பாதி மற்ற வளைவிலும் நிற்கும்.

இன்னொன்று. உண்மையான கிங், நினைத்த இடமெல்லாம் போன இஞ்சின் இல்லை. கிரேட் வெஸ்டர்னில் மிக இலேசானவை தவிர மற்ற இஞ்சின்களின் கேபின் பக்கத்தில் ஒரு நிற வட்டம் இருக்கும். எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான அடையாளம் அது. மஞ்சள் இலேசானது, அதற்கு மேல் நீலம், பிறகு சிவப்பு. கிங்கின் ஓர் அச்சு 22½ தொன் பாரம் என்பதால் அதற்கு மட்டும் இரட்டைச் சிவப்பு வட்டம். டெவனிலிருந்து கோர்ன்வோலுக்குள் போகும் சோல்டாஷ் பாலத்தில் அதை ஏறவே விடவில்லை. சின்னக் கிளைப்பாதை ஸ்டேசனில் கிங் வந்து நிற்பது, ஒழுங்கைக்குள் நாற்பதடி கொள்கலன் லொறி வந்து நிற்பது மாதிரி.

பானியர் அப்படி இல்லை. 5700 என்ற அந்த வகுப்பில் 1929 முதல் 1950 வரை 863 இஞ்சின்கள் கட்டினார்கள். யார்டில் பெட்டி தள்ளும், கரி இழுக்கும், இரண்டு பெட்டியோடு கிளைப்பாதைப் பயணிகள் ரயிலாகவும் ஓடும். மொடலில் 12 சென்டிமீட்டர் அளவுதான். இரண்டு பெட்டி கொழுவினால் உன் பலகையில் அது ஒரு முழு ரயில், நிஜத்தில் எப்படி ஓடியதோ அப்படியே.

கழுதையின் முதுகில் இரு பக்கமும் பொதி தொங்குமே, அப்படித்தான் இதன் பொயிலருக்கு இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும். பெயரும் அதனால் வந்ததுதான். என் அப்பா தெமட்டகொடை ஷெட்டில் பிட்டராக வேலை செய்தவர். பானியரை அவர் கண்ணால் கண்டதில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு படத்தைக் காட்டி, ஏன் தொட்டி இப்படித் தொங்குகிறது என்று கேட்டேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கேபினுக்கு முன்னால் விரலை வைத்தார். "இதில நெருப்புப் பெட்டியின்ட மேல்பக்கம் தட்டை. பெட்டி மாதிரிச் சதுரம். இதுக்கு மேல சேணம் மாதிரித் தொட்டியை வளைச்சு வைக்கிறது கரைச்சல். அதுதான் ரெண்டாப் பிரிச்சுப் பக்கத்தில கொழுவியிருக்கிறான்" என்றார். பிறகு நான் வாசித்த எல்லாமும் அதையேதான் சொன்னது. தட்டை மேல்பக்கம் கொண்ட அந்த நெருப்புப் பெட்டிக்குப் பெல்பெயர் என்று பெயர். தொட்டி உயரத்தில் தொங்குவதால் கீழே குனிந்து உள்பக்க இயந்திரத்துக்கு எண்ணெய் விடவும் வசதி. அதையும் அப்பாவே சொன்னார், எண்ணெய்க் கானோடு இஞ்சினுக்கு அடியில் போய் வந்தவர் ஆயிற்றே.

நமக்கும் அதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. பானியர்களில் 250 ஐக் கிரேட் வெஸ்டர்ன் வெளிக் கம்பனிகளுக்குக் கொடுத்துக் கட்டுவித்தது. அவற்றில் ஒன்று பேயர் பீகாக். மலைநாட்டுப் பாதைக்கு வந்த நம் கராட் இஞ்சின்கள் அவர்களுடையவை. இன்னொன்று பாக்னல். 1953 இல் இலங்கைக்கு வந்த முதல் பிரதான பாதை டீசல்கள், எம்-1 வகுப்பு, பிரஷ் பாக்னல் பெயரில் வந்தவைதானே.

சரி தங்கச்சி, அக்காவுக்குச் சொல்ல வேண்டியவை. அவர் இருக்கும் சவுத்ஹாலே பழைய கிரேட் வெஸ்டர்ன் பிரதான பாதையில்தான் இருக்கிறது, அங்கே இஞ்சின் ஷெட்டும் இருந்தது, ஆகவே கடையில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பழைய பானியரின் கேபின் முன் ஜன்னல்கள் வட்டம். 1933 இல் 8750 என்ற எண்ணிலிருந்து வந்தவற்றுக்குக் கேபின் உயரம், ஜன்னல் சதுரம். இரண்டும் நல்லவை. ஆனால் தொட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'கிரேட் வெஸ்டர்ன்' என்று முழுதாக இருந்தால் 1934 க்கு முந்திய கோலம். வட்டச் சட்டைப் பொத்தான் மாதிரி முத்திரை இருந்தால் 1934 இலிருந்து 1942 வரை. பிறகு வாங்கும் பெட்டிகளும் அதே காலத்தினதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும். இஞ்சினை அனுப்பும் சூட்கேசில் போடாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். கேபின் படியும் கைப்பிடிக் கம்பியும் மெல்லியவை.

கிங்கை அவனுடைய இருபத்தோராவது பிறந்தநாளுக்கு வாங்கலாம். அப்போது பலகையும் பெரிதாகியிருக்கும்.

காஸில், கிங், ஹோல், கிரேஞ்ச், மேனர். ஐந்தும் பச்சை, ஐந்துக்கும் செப்பு விளிம்புப் புகைபோக்கி, ஐந்தும் 4-6-0 (முன்னால் நாலு சின்னச் சில்லு, பிறகு ஆறு பெரிய சில்லு, பின்னால் ஒன்றுமில்லை). பெயர்ப்பலகையைப் பார்க்காமல் எப்படிப் பிரித்தறிவது? – தெஹிவளை வாசகர்

இந்தக் கேள்விக்காகவே இரண்டு நாள் மேசையில் ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பாதையில் கோச்சி போகும்போது வீடு அதிர, ஐந்தும் சேர்ந்து மெல்ல நடுங்கின.

முதலில் வெளிச் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் நான்கு சின்னச் சில்லுகள் உள்ள போகி இருக்கிறதல்லவா? சிலிண்டர் அந்தப் போகியின் நடுவில், புகைபோக்கிக்கு நேர் கீழே இருந்தால், அது இரண்டு சிலிண்டர் இஞ்சின். ஹோல், கிரேஞ்ச், மேனர் மூன்றும் இந்தக் குடும்பம். சிலிண்டர் பின்னுக்குத் தள்ளி, போகியின் பின் சில்லுக்கு மேல் இருந்தால் காஸில் அல்லது கிங். உள்ளே இன்னும் இரண்டு சிலிண்டர்கள் முன்னால் இருப்பதால்தான் வெளிச் சோடி பின்னுக்குப் போயிருக்கிறது. அந்த இரண்டில் போகியின் முதல் அச்சுக்குச் சட்டம் சில்லுக்கு வெளியே தெரிந்தால் கிங். தெரியாவிட்டால் காஸில்.

மற்ற மூன்றுக்கும் அடிமட்டம் எடுங்கள். ஹோலின் பெரிய சில்லு 6 அடி, மொடலில் 24 மில்லிமீட்டர். கிரேஞ்சுக்கும் மேனருக்கும் 5 அடி 8 அங்குலம், மொடலில் 22½ ஐத் தாண்டி வரும். கிரேஞ்சையும் மேனரையும் பொயிலரால் பிரிக்கலாம். மேனரின் பொயிலர் இலேசானது, ஒல்லியானது.

ஏன் இப்படி ஒரே சாயல் என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 1902 இலிருந்து 1921 வரை கம்பனியின் சுவிண்டன் பட்டறையில் இஞ்சின்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜோர்ஜ் சர்ச்வார்ட். சில அளவுகளில் பொயிலர், சில அளவுகளில் சில்லு, சிலிண்டர் என்று நிர்ணயித்து, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொண்டால் போதும் என்ற யோசனை அவருடையது. நம் வீடுகளில் ஒரே அரிசிமாவில் புட்டும் இடியப்பமும் செய்வதில்லையா, அந்தக் கைப்பக்குவம்தான். அவருக்குப் பின் வந்த கொலெட் அதையே தொடர்ந்தார். 1924 இல் 'செயின்ட் மார்ட்டின்' என்ற பழைய செயின்ட் வகுப்பு இஞ்சினின் பெரிய சில்லுகளைக் கழற்றி 6 அடிச் சில்லு போட்டுப் பார்த்தார்கள். அதுதான் ஹோல்களின் மூத்தது. 1928 இலிருந்து இன்னும் 258 வந்தன.

கிரேஞ்ச், மேனர் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1911 இலிருந்து வந்த 4300 வகுப்பு மோகல்களில் (முன்னால் இரண்டு சின்னச் சில்லு, பிறகு ஆறு பெரிய சில்லு உள்ள இஞ்சின்கள்) நூறை 1936 இலிருந்து பிரித்தார்கள். அவற்றின் சில்லுகளையும் இயக்கப் பாகங்களையும் எடுத்து, புதுச் சட்டத்தில் வைத்து, 80 கிரேஞ்சும் 20 மேனரும் கட்டினார்கள். நூறுக்கு நூறு. மிச்ச மோகல்களையும் அப்படியே மாற்றும் எண்ணம் இருந்தது, யுத்தம் வந்து நிறுத்திவிட்டது. 1950 இல் வந்த கடைசிப் பத்து மேனர்கள் மட்டும் முழுக்கப் புதியவை. பழைய இஞ்சினின் சில்லு புது இஞ்சினில் இன்னும் முப்பது வருடம் உருண்டிருக்கிறது. மேனர் மொடலைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தச் சில்லைத்தான்.

கிரேட் வெஸ்டர்ன் இஞ்சின் ஒன்றை நம் பழைய இலங்கை ரயிலின் நிறத்துக்கு மாற்றிப் பூசி ஓட்டினால் என்ன? – கொட்டாஞ்சேனை வாசகர்

பூசலாம். ஆனால் தண்டவாளம் காட்டிக்கொடுத்துவிடும். நம் பாதை 5 அடி 6 அங்குல அகலம். ஓ-ஓ அளவில் அது 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஓ-ஓ தண்டவாளமோ 16½ மில்லிமீட்டர்தான். பிரிட்டனின் 4 அடி 8½ அங்குலத்துக்கே அது ஒடுக்கம், நம்முடையதற்குக் கேட்கவும் வேண்டாம். முன்னாலிருந்து பார்த்தால் கால் ஒடுங்கிய இஞ்சின் மாதிரி நிற்கும். உண்மையான இலங்கை மொடல் வேண்டுமென்றால் 22 மில்லிமீட்டரில் தண்டவாளத்தைக் கையால் அமைக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு நல்ல வேலை அது. தொடங்குமுன் கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்துக்கு அளவு நாடாவோடு ஒருமுறை போய் வாருங்கள்.

பம்பலப்பிட்டியில் கடலோரம் இருக்கிறோம். தண்டவாளம் கறுத்து இஞ்சின் விக்கி விக்கி ஓடுகிறது.

உப்புக்காற்று. எனக்கும் நடந்தது. பழைய சாமான் விற்ற ஒருவரிடம் ஒரு பெட்டி நிறையத் தண்டவாளம் மலிவாக வாங்கினேன். இரும்பு என்று பார்க்கவில்லை. ஒரு தென்மேல் பருவக்காற்றோடு முழுதும் செம்மண் நிறமாகிவிட்டது, எல்லாவற்றையும் எறிந்தேன். காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, கடலோர வீட்டுக்கு ஆகாது. நிக்கல் சில்வர் என்ற கலப்புலோகத் தண்டவாளம் துருப்பிடிக்காது, கறுக்க மட்டும் செய்யும். ஐசோபுரோபைல் அல்கஹோலை வெள்ளைத் துணியில் நனைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். இஞ்சினின் சில்லையும் அப்படியே. மண்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம், கீறல்களுக்குள் அழுக்கு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

1948 க்குப் பிறகு மற்றக் கம்பனி இஞ்சின்களின் எண்கள் மாறின, கிரேட் வெஸ்டர்ன் எண்கள் ஏன் மாறவில்லை? – மருதானை வாசகர்

மற்றவர்கள் பெரும்பாலும் எண்ணைப் பெயின்டால் எழுதினார்கள். இவர்கள் வார்ப்பு உலோகத் தகட்டில் பதித்திருந்தார்கள். அத்தனை தகட்டையும் மாற்றுவதைவிட அப்படியே விடுவது இலேசு.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆகஸ்டில் ரெடிங்கில் இருக்கும் மகளிடம் போகிறேன். இந்த இஞ்சின்களை நேரில் பார்க்க ஓர் இடம் சொல்லுங்கள். – கொள்ளுப்பிட்டி வாசகர்

ஐயா, ரெடிங்கிலிருந்து மேற்கே போகும் ரயிலில் ஏறி டிட்கொட்டில் இறங்குங்கள். பழைய கிரேட் வெஸ்டர்ன் இஞ்சின்களை வைத்திருக்கும் ரயில்வே சென்டருக்கு வழி ஸ்டேசனுக்குள்ளேயே இருக்கிறது. படி ஏற வேண்டியிருக்கும், மெதுவாகப் போங்கள். இஞ்சினுக்கு நெருப்பு மூட்டி ஓட்டும் நாட்களை மகளிடம் முன்கூட்டியே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அங்கே 'லேடி ஒஃப் லெஜென்ட்' என்ற இஞ்சினைத் தேடுங்கள். செயின்ட் வகுப்பில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆகவே 'மைண்டி ஹோல்' என்ற ஹோலை எடுத்து, அதற்குப் பெரிய சில்லு போட்டு, திரும்பச் செயின்டாக்கியிருக்கிறார்கள். 1924 இல் செயின்டை ஹோலாக்கிய வேலையின் மறுபக்கம். சிலிண்டர் போகியின் நடுவில், புகைபோக்கிக்கு நேர் கீழே இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். திரும்பி வந்ததும் ஒரு கடிதம் போடுங்கள் ஐயா. அந்தச் சில்லு உங்கள் தோளுக்கு எவ்வளவு உயரம் வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.