பார்கோடு, க்யூஆர் கோடு, ஆதார் எல்லாம் 666 முத்திரை என்று வேலூர்ப் பக்கம் சில சபைகளில் சொல்கிறார்களே, உண்மையா?

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் 13-ல் வரும் மிருகத்தின் எண் 666. அதன் முத்திரையை வலதுகையிலோ நெற்றியிலோ பெறாதவர் கொள்ளவும் விற்கவும் முடியாது என்கிறது அந்த அதிகாரம். பார்கோடு அந்த முத்திரையா என்றால், இல்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 890 என்று தொடங்கும் 13 இலக்கத்துக்கு மேலே, இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்தில் மெல்லிய ஜோடிக் கோடு சற்றுக் கீழே நீண்டிருக்கும். வலது பாதியில் 6-ஐக் குறிப்பதும் இதே மாதிரி இரண்டு மெல்லிய கோடுதான். மூன்று ஜோடி, மூன்று ஆறு. பேச்சு கிளம்பியது இதிலிருந்துதான். ஆனால் ஸ்கேனர் வெள்ளை இடைவெளியையும் சேர்த்து அளக்கும். ஓர் இலக்கத்துக்கு 7 கட்டம். 6 என்றால் கருப்பு, வெள்ளை, கருப்பு, பிறகு நான்கு வெள்ளை. ஓரக்கோட்டுக்கு 3 கட்டம்தான், நடுவில் 5. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மெஷினுக்குக் காட்டும் எல்லைக்கல் அது.

இணைய முகவரியின் மூன்று டபிள்யூ-வும் 666 என்பார்கள். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு; டபிள்யூ-வுக்கு இணையாகச் சொல்லும் 'வாவ்' எழுத்தின் மதிப்பு 6, சரி. ஆனால் எழுத்துகளின் மதிப்பைக் கூட்டுவதுதான் முறை. மூன்று வாவ் 18. அதே முறையில் ரோம ராயன் நீரோவின் பெயரை 'நேரோன் கேசர்' என்று எபிரேயத்தில் எழுதினால் 50+200+6+50, 100+60+200. கூட்டிப் பாருங்கள், 666. 'நேரோன்' என்பதன் கடைசி 'ன்' போனால் 616; வெளிப்படுத்தின விசேஷத்தின் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666-க்குப் பதில் அந்த எண்ணே இருக்கிறது.

அதனால்தான் 666 பற்றிய ஒரே வசனம் இங்கே இரண்டு விதமாகக் கேட்கிறது. 1853-ல் அமெரிக்க சீர்திருத்தச் சபையார் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியில் வந்த சபைகளில் இந்த ரோம ராயனை வைத்து விளக்கம் சொல்பவர்கள் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் அது இனி வரப்போகும் அந்திக்கிறிஸ்துவின், அதாவது கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புகிறவனின் காலம்.

ஆதார் கைரேகையையும் கருவிழியையும் பதிந்துகொள்கிறது. வலதுகையிலோ நெற்றியிலோ எதையும் இடுவதில்லை. க்யூஆர் கோடு ஒட்டியிருப்பது கடைக்காரர் மேஜையில்.

வீட்டுப் பெரியவர்களிடம் பார்கோட்டுக் கணக்கைப் போடாதீர்கள், எடுபடாது. வெளிப்படுத்தின விசேஷம் 13-ஐ முதல் வசனத்திலிருந்து 14:9 வரை சேர்த்து வாசியுங்கள். முத்திரையோடு மிருகத்தை வணங்குவதும் சேர்ந்தே வருவது அப்போதுதான் கண்ணில் படும். 'கொள்ளவும் விற்கவும் கூடாதபடிக்கு' என்ற பயத்தை மட்டும் சிரித்துத் தள்ளாதீர்கள். நேதாஜி மார்க்கெட்டில் "சில்லறை இல்ல பாட்டி, ஜிபே இருக்கா?" என்று கேட்டால், போனே இல்லாத பாட்டிக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வரும். கையில் பத்து, இருபது ரூபாய்த் தாளாக மாற்றிக் கொடுத்து அனுப்புங்கள்.