அமெரிக்காவில் வீடு வாங்கியிருக்கிறோம்: ஹோம் வாரண்டி எடுக்கலாமா, ரிப்பேரை நாமே பார்த்துக்கொள்ளலாமா?

ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயங்காதவர் என்றால் வாரண்டி வேண்டாம். பெயர்தான் வாரண்டி, உண்மையில் அது வீட்டிலுள்ள ஏசி, ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) போன்றவை பழுதானால் சரிசெய்து தருவதற்கான ஒரு சேவை ஒப்பந்தம். வருடத்துக்குப் பல நூறு டாலர் போக, ஆள் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் தனியாகச் சுமார் 75 முதல் 125 டாலர் கட்ட வேண்டியிருக்கும், அப்புறம் "இது முன்பே இருந்த கோளாறு", "பராமரிப்பு சரியில்லை" என்று மறுக்கவும் ஒப்பந்தத்திலேயே வழி வைத்திருப்பார்கள்.

டாய்லெட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் டேங்குக்குள் தண்ணீரை அடைத்து நிறுத்தும் ரப்பர் மூடியான ஃப்ளாப்பர்தான் காரணம். சில டாலர்தான், வால்வை மூடிவிட்டுக் கையாலேயே மாற்றலாம். ஏசியின் வெளி யூனிட் முனகுகிறது, ஃபேன் மட்டும் சுற்றவில்லை என்றால் கெபாசிட்டரை (மோட்டாரைக் கிளப்ப உதவும் மின் பாகம்) சந்தேகியுங்கள். ஆனால் பவரை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர் தொடவே கூடாது. கேஸ் நிரப்புவது நம் வேலையே இல்லை, அதற்கு இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) விதிப்படி 608 சான்றிதழ் வேண்டும்.

ஃபர்னஸ், ஏசி எல்லாம் 15 வருடம் தாண்டியவை, கையிருப்பும் இல்லை என்றால் வாரண்டி எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். விற்பவரே முதல் வருடத்துக்குக் கட்டித் தருகிறேன் என்றால் (வழக்கம்தான், கேட்டுப் பாருங்கள்) சரி, வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்ற வரியை முதலில் படியுங்கள்.