மூன்றாவது வாரத்தில் நின்றுபோவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஓட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 34, எடை 60 கிலோ. இரண்டரை ஆண்டுகளாக ஓடுகிறேன். வாரத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஓர் அரை மாரத்தானை முடித்திருக்கிறேன். அடுத்து முழு மாரத்தானுக்குத் தயாராக விரும்புகிறேன். ஓட்டத்தை நான் தவறவிடுவதே இல்லை. ஆனால் உணவையும் வலுப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்த எடுத்த ஒவ்வொரு முயற்சியும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்டிருக்கிறேன். திட்டம் எப்போதும் ஒன்றுதான்: வாரத்தில் நான்கு நாள் உடற்பயிற்சிக்கூடம், சாப்பிடும் ஒவ்வொன்றையும் செயலியில் குறிப்பது, இனிப்பை முற்றிலும் விலக்குவது, நாளுக்கு 1800 கலோரியைத் தாண்டாதிருப்பது. முதல் இரண்டு வாரம் உற்சாகமாகப் போகும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் தவறும், அன்றிரவு கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவேன், மறுநாள் எல்லாமே வீண் என்று தோன்றி, அடுத்த மாதம் முதல் தேதியில் தொடங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். சில மாதங்களாக ஓட்டத்தின் வேகமும் குறைந்திருக்கிறது. இரண்டு முறை மாதவிடாய் தள்ளிப்போனது. பயிற்சி கூடினால் அப்படித்தான் இருக்கும் என்று உடன் ஓடும் தோழி சொன்னாள்.

ஓடுவதில் இருக்கும் ஒழுங்கு மற்ற இரண்டிலும் எனக்கு ஏன் வரவில்லை? இந்தச் சோம்பேறித்தனத்தை எப்படி வெல்வது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதவிடாய் இரண்டு முறை தள்ளிப்போனதைப் பயிற்சியின் இயல்பான விளைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும், ஆகவே முதல் வேலையாக அவரைப் பாருங்கள். இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஓடும் பெண்களிடம் அது குறைந்திருப்பது சாதாரணம், வேகம் குறைவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கக்கூடும். ‘பயிற்சி கூடினால் அப்படித்தான்’ என்ற பேச்சு ஓடுபவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதை நம்பி ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, கடைசியில் எலும்பில் கீறல் விழுந்த பிறகு மருத்துவரிடம் போனவர்களை நான் அறிவேன். உங்கள் தோழி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறான செய்தி.

அந்த வரிக்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எண்ணுகிறேன். நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது என்பது தோராயமான, ஆனால் நம்பத்தக்க கணக்கு. 60 கிலோ எடையுள்ள நீங்கள் 10 கிலோமீட்டர் ஓடினால் 600 கலோரி போய்விடும். 1800 கலோரி மட்டும் சாப்பிட்ட நாளில், இதயம், மூளை, கல்லீரல், எலும்பு, சுரப்பிகள் என உடலின் மற்ற எல்லா வேலைகளுக்கும் மிஞ்சுவது 1200. உங்கள் உடலில் கொழுப்பு நீங்கலான எடை 45 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவுக்கு 27 கலோரிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஆரோக்கியமான பெண்ணுக்குப் போதுமானது என்று ஆய்வாளர்கள் கொள்ளும் அளவு 45. ஆன் லவுக்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அளவு 30க்குக் கீழே இறங்கியபோது மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரக்கும் ஒழுங்கு ஐந்தே நாட்களில் குலைந்ததைக் காட்டினார். இந்த எல்லைக்கோடு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனாலும் ஓடும் நாட்களில் நீங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறீர்கள் என்பதை இந்த எளிய கணக்கே காட்டுகிறது. அதோடு நான்கு நாள் எடைப்பயிற்சியையும் சேர்த்துப் பாருங்கள்.

பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்தது. விளையாட்டில் ஏற்படும் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை என்று அதைத் தமிழில் சொல்லலாம். முன்பு இதைப் பெண்களுக்கு மட்டும் உரிய சிக்கலாகக் கருதினார்கள். ஆண்களுக்கும் வரும், எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநிலை, ஓட்டத்திறன் எல்லாவற்றையும் தொடும் என்பதை அந்த அறிக்கை அழுத்திச் சொன்னது. இதை உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், மூன்றாவது வாரத்தில் உங்களை நிறுத்துவது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும் என்பதுதான். உழைப்பைக் கூட்டிய அதே நாளில் நீங்கள் உணவைக் குறைத்துவிடுகிறீர்கள். இரண்டு வாரம் வரை உற்சாகமும் உடலின் சேமிப்பும் தாங்குகின்றன. அதன்பின் உடல் தன் கடனைக் கேட்கிறது. உடற்பயிற்சிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் அந்தக் களைப்பும், இரவில் கை தானாக உணவை நோக்கிப் போவதும் பசியின் இரண்டு முகங்கள். அதற்கு நீங்கள் சோம்பேறித்தனம் என்று பெயரிட்டு உங்களையே தண்டித்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இரண்டரை ஆண்டுகள் ஓட்டத்தைத் தவறவிடாத ஒருவரிடம் ஒழுங்கு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன், அதைச் சொல்வது நீங்களாகவே இருந்தாலும்.

ஆகவே முதலில் அந்த 1800 என்ற எண்ணையும் செயலியையும் விட்டுவிடுங்கள். எடை குறைப்பதும் மாரத்தானுக்குத் தயாராவதும் ஒரே பருவத்தில் செய்யத்தக்க வேலைகள் அல்ல. உணவில் தொடர்ச்சி வருவதற்கு எதை விலக்குவது என்ற பட்டியலைக் காட்டிலும், எந்த நேரத்தில் எது கட்டாயம் உள்ளே போக வேண்டும் என்ற ஒழுங்கு உதவும். ஓடிமுடித்த ஒரு மணி நேரத்துக்குள் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த ஒரு முழு உணவு என்பதை மட்டும் முதல் மாதத்துக்குக் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். கடினமாக ஓடிய பிறகு பசி சிறிது நேரம் மங்கிவிடும், பலரும் அந்நேரம் குறைவாகவே சாப்பிட்டுவிட்டு அன்றைய பற்றாக்குறையை இரவில் ஈடுகட்டுவார்கள். உங்கள் இரவுகளின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது என்று ஊகிக்கிறேன். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டர் அந்த உணவுத்தட்டில்தான் முடிகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிடாதவரை அன்றைய ஓட்டத்தை உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

அளவு தெரிய வேண்டும் என்றால், பயிற்சி செய்பவர்களுக்கான புரதம் நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு உணவியல் அமைப்புகள் 2016இல் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாடு சொல்கிறது. உங்களுக்கு அது 72 முதல் 120 கிராம். நான்கு வேளையாகப் பிரித்து ஒவ்வொரு வேளையும் 25 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாவுச்சத்தை அஞ்ச வேண்டாம். நாளுக்கு ஒரு மணி நேரம் அளவான பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் தேவை என்று அதே நிலைப்பாடு கூறுகிறது. நீண்ட ஓட்டங்களின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுக்கும் பழக்கத்தையும் இப்போதே தொடங்குங்கள், ஏனென்றால் குடலும் பழக்கினால்தான் பழகும். இனிப்பை முற்றிலும் விலக்கும் விதியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குத் தேவையில்லாத சுமை, இறக்கிவையுங்கள்.

இனி வலுப்பயிற்சிக்கு வருவோம். ஓடும்போது கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை மேலெழுகிறது. கெண்டைக்காலின் உள்தசையும் குதிகால் தசைநாணும் சுமப்பது அதைவிட மிக அதிகம். இந்தச் சுமையை ஆயிரக்கணக்கான அடிகளுக்குத் தாங்கும் திறனை ஓட்டம் மட்டுமே முழுதாக உண்டாக்கிவிடாது. ஆனால் அதற்கு வாரத்தில் நான்கு நாள் தேவை என்று நீங்கள் எண்ணியதில்தான் பிழை. ராபர்ட் ஹிக்சன் 1980இல் செய்த புகழ்பெற்ற ஆய்வில், வாரத்துக்கு ஐந்து நாள் எடைப்பயிற்சியையும் ஆறு நாள் தாங்குதிறன் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலு ஏழாவது வாரம்வரை கூடியது, அதன்பின் தேங்கி, ஒன்பதாவது, பத்தாவது வாரங்களில் குறைந்தது. இரண்டையும் முழு அளவில் சுமக்க உடல் மறுக்கும் என்பதை நீங்கள் மூன்றே வாரத்தில், அதுவும் குறைந்த உணவில், கண்டுகொண்டீர்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 35 நிமிடம், அவ்வளவே போதும். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்தல்), ஒற்றைக்காலால் படியேறுதல், எடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல் ஆகிய நான்கையும் சரியான முறையில் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு ஆறு முதல் எட்டு முறை செய்யுங்கள். எடை, முடிக்கும்போது இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்று தோன்றும் அளவுக்குக் கனமாக இருக்கட்டும். சிறிய டம்பெல்லை முப்பது நாற்பது முறை தூக்கும் பழக்கம் ஓடுபவர்களிடம் பரவலாக உண்டு. தாங்குதிறன் பயிற்சியை ஓட்டமே கொடுத்துவிடுவதால் அதில் நமக்குக் கிடைப்பது குறைவு. ஓட்டத்தோடு சேர்த்து இந்த அளவில் செய்தால் உடல் பருத்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. வேகப் பயிற்சி இருக்கும் நாளிலேயே, சில மணி நேர இடைவெளி விட்டு, மாலையில் இதைச் செய்யுங்கள். அப்போது ஓய்வு நாள் ஓய்வு நாளாகவே எஞ்சும்.

என் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு குதிகால் தசைநாணில் வலி வந்து, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியைச் செய்தேன். ஸ்வீடனின் ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை அது. 12 வாரம், நாளுக்கு இரண்டு வேளை, தவறாமல் செய்ய வேண்டும். நான்காவது வாரத்தில் வலி போனதும் நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் வலி திரும்பியது. மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் வலி போனதும் நிறுத்தினேன். தசை சில வாரங்களிலேயே வலுவடையும், தசைநாண் மாதக்கணக்கில் மெல்லத்தான் மாறும் என்பதை மூன்றாவது முறைதான் உணர்ந்தேன். வலியோ உற்சாகமோ ஒரு பயிற்சியைத் தொடங்கிவைக்கும், ஆனால் அது இல்லாதபோதும் நடக்கும்படி அந்தப் பயிற்சியை நாளின் ஏதாவதொரு இடத்தில் பொருத்திவிட வேண்டும். மூன்றாவது முறை நான் அதைப் பல் துலக்குவதோடு சேர்த்துக்கொண்டேன். இன்றுவரை நிற்கவில்லை.

பழக்கம் உருவாக எவ்வளவு காலமாகும் என்பதை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்குவதற்கு ஆன காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நீங்கள் நான்கு முறையும் 20 நாளையொட்டி நின்றிருக்கிறீர்கள். அந்த ஆய்வில் உங்களுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. ஒரு நாள் தவறியதால் உங்கள் திட்டம் குலையவில்லை. அடுத்த மாதம் முதல் தேதிவரை காத்திருந்ததால்தான் குலைந்தது.

அதனால் திட்டத்தை இரண்டு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை குவிந்த வாரத்திலும், வீட்டில் ஒருவர் நோயுற்ற வாரத்திலும் செய்யக்கூடிய அளவே அடிப்படைத் திட்டம்: ஓட்டத்துக்குப் பின் ஓர் உணவு, வாரத்துக்கு ஒரே ஒரு வலுப்பயிற்சி, அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே செட். எடையின் கனத்தைக் குறைக்காதவரை, வாரத்துக்கு ஒரு முறை என்ற இந்தச் சிறிய அளவே ஏற்கெனவே பெற்ற வலுவை மாதக்கணக்கில் காத்துக்கொள்ளும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் மேலே சொன்ன இரண்டு முறை, மூன்று செட் என்பதெல்லாம் நல்ல வாரத்துக்கு உரியவை. ஓடுபவர்கள் பெரும்பாலும் தங்கள் மிகச் சிறந்த வாரத்தைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். நெருக்கடி வந்ததும் ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் கைவிடுகிறார்கள். நேரம் குறைந்த வாரத்தில் ஓட்டத்திலிருந்து நான்கு கிலோமீட்டரைக் குறைத்து அந்த நேரத்தை எடைக்குக் கொடுக்க உங்களால் முடிந்தால், உங்கள் மனத்திலும் வலுப்பயிற்சி ஓட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது என்று பொருள்.

மருத்துவரைப் பார்க்கும்வரை ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து, உணவை மட்டும் கூட்டுங்கள்; எடைப்பயிற்சியை இப்போது தொடங்க வேண்டாம். ஓடும்போது எலும்பில் ஒரே இடத்தில் குத்தும் வலி இருந்தால் ஓட்டத்தையும் உடனே நிறுத்திவிட்டு அதை அவரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு, முதல் மாதம் உணவு ஒன்றோடு மட்டும் போகட்டும். இரண்டாவது மாதத்தில் வாரத்துக்கு ஒரு வலுப்பயிற்சி, மூன்றாவது மாதத்தில் இரண்டு. மாரத்தானுக்கான தேதியை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். மருத்துவர் என்ன சொன்னார் என்பதைத் தனி மின்னஞ்சலில் எழுதுங்கள், அது இங்கே வெளியாகாது.

அன்புடன்,
ஆசிரியர்